ட்ரிபிள் ஈ புரொஃபசர் ஆகணுமா? காரைக்குடியில இருந்து பாக்குறப்ப எந்த வழி நல்லது

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர் பக்கம் ட்ரிபிள் ஈ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) படிச்சு, மேல பவர் எலக்ட்ரானிக்ஸோ பவர் சிஸ்டமோ எம்இ-யும் முடிச்சிட்டு, ஐடிக்குப் போக மாட்டேன் வாத்தியார் வேலைதான்னு உறுதியா நிக்கிற புள்ளைங்க ஒவ்வொரு வருஷமும் இருக்காங்க. அவங்க முன்னாடி நாலு வழி இருக்கு. பக்கத்துல இருக்குற தனியார் காலேஜ்ல உதவிப் பேராசிரியரா சேர்ந்துகிட்டு பார்ட் டைம்ல பிஎச்டி பண்றது ஒண்ணு. கேட் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி, என்ஐடி, அண்ணா யுனிவர்சிட்டி மாதிரி இடத்துல ஃபுல் டைமா பிஎச்டிக்குப் போறது இன்னொண்ணு. நம்ம ஊர்ல இருக்குற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியிலயே பேட்டரி பக்கம் ஆராய்ச்சிக்குச் சேர்றது மூணாவது. ஆசிரியர் தேர்வு வாரியத்தோட டிஆர்பி பரீட்சை எழுதி பாலிடெக்னிக்கோ அரசு இன்ஜினியரிங் காலேஜோ பிடிக்கிறது நாலாவது.

வீட்டுல இத சம்பளத்த வச்சு, தூரத்த வச்சு, காலேஜ் பேர வச்சுத்தான் பாக்குறாங்க, அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் முதல்ல பாக்குறது ரெண்டே ரெண்டுதான்: எம்இ முடிச்ச அடுத்த அஞ்சு வருஷத்துல உங்க நேரம் யாரு கையில இருக்கும், உங்க மேசை மேல என்ன ஹார்டுவேர் இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ்ல ஒரு லேப்டாப்பும் நல்ல நெட்டும் இருந்தா நல்ல பேப்பர் எழுதிரலாம். நமக்கு அப்படி இல்ல.

ரூல மொதல்ல தெரிஞ்சுக்கங்க, இது தெரியாமலே நிறைய பேரு சேர்ந்துடுறாங்க. தொழில்நுட்பக் கல்வியக் கட்டுப்படுத்துற ஏஐசிடிஇ 2019-ல போட்ட விதிப்படி இன்ஜினியரிங்ல உதவிப் பேராசிரியருக்கு பிஇ, எம்இ இருந்து ரெண்டுல ஒண்ணுல முதல் வகுப்பு இருந்தாப் போதும், நெட் தகுதித் தேர்வு எல்லாம் கலை அறிவியல் காலேஜ்க்குத்தான், நமக்குத் தேவை இல்ல. அதனாலதான் எம்இ முடிச்ச அன்னைக்கே வேலைக்குப் போக முடியுது. ஆனா அதுக்கு மேல அசோசியேட் புரொஃபசர் ஆகணும்னா பிஎச்டி வேணும், மொத்தம் எட்டு வருஷ அனுபவம் வேணும், அதுல ரெண்டு வருஷம் பிஎச்டிக்கு அப்புறம் வந்ததா இருக்கணும், அங்கீகாரம் உள்ள ஜர்னல்ல ஆறு பேப்பர் வேணும். புரொஃபசருக்கு பத்து வருஷம், அதுல மூணு வருஷம் அசோசியேட்டா இருந்திருக்கணும், பேப்பரும் பிஎச்டி கைட் பண்ணதும் கணக்குல வரும். அதாவது உள்ள நுழையுற கதவு அகலமா இருக்கு, அடுத்த கதவு பிஎச்டி இல்லாம திறக்கவே திறக்காது. எப்படியும் பண்ணித்தான் ஆகணும், எப்ப, எங்கங்கிறதுதான் கேள்வி.

இப்ப தனியார் காலேஜ் வழி. வீட்டுக்குப் பிடிச்ச வழி இதுதான், காலையில காலேஜ் பஸ்ல ஏறுனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம், கல்யாணப் பேச்சு எடுக்குறப்ப புரொஃபசர்னு சொல்லிக்கலாம், எம்இ-க்கு வாங்குன கடனையும் கட்ட ஆரம்பிச்சிரலாம். ஏஐசிடிஇ ஸ்கேல்ல அடிப்படைச் சம்பளம் 57,700, ஆனா நம்ம சுத்துப்பட்டுல பல தனியார் காலேஜ்ல அதுல பாதி கூட கைக்கு வராதுங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சம்பளத்த விட எனக்குக் கவலை நேரம். உதவிப் பேராசிரியருக்கு வாரத்துக்கு 16 மணி நேரம் கிளாஸ்னு விதியில இருக்கு, நடைமுறையில அதுக்கு மேல லேப், மென்டரிங், என்பிஏ, நாக் அங்கீகாரத்துக்கான ஃபைல், சிஓ பிஓ மேப்பிங் வேலை, யுனிவர்சிட்டி எக்ஸாம் டியூட்டி, பேப்பர் திருத்தல், அப்புறம் மார்ச்ல இருந்து ஜூலை வரைக்கும் பல இடத்துல அட்மிஷனுக்கு ஸ்கூல் ஸ்கூலா போய் பிளஸ் டூ புள்ளைங்க நம்பர் வாங்கிட்டு வர்றது. இவ்வளவையும் முடிச்சிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல சிமுலிங்க்ங்கிற சிமுலேஷன் சாஃப்ட்வேரத் தொறக்குற மனுஷன்கிட்ட என்ன ஆராய்ச்சி எதிர்பார்க்க முடியும்?

அதனால என்ன ஆகுதுன்னா பார்ட் டைம் தீசிஸ் பெரும்பாலும் சிமுலேஷனோட நின்னுடுது. ஒரு டிசி டிசி கன்வர்ட்டர், ஒரு எம்பிபிடி (சோலார் பேனல்ல இருந்து அதிகபட்ச பவர் எடுக்குற முறை), அதுக்கு மேல ஓநாய், திமிங்கலம்னு மிருகப் பேர்ல ஏதோ ஒரு ஆப்டிமைசேஷன், ரெண்டு வேவ்ஃபார்ம், முடிஞ்சது. ஐஇஇஇ டிரான்சாக்‌ஷன்ஸ்ங்கிற பெரிய ஜர்னலோட ரிவ்யூவர் முதல் ரவுண்டுலயே எக்ஸ்பெரிமெண்டல் வேலிடேஷன் எங்கன்னு கேட்டுருவாரு, பதில் இல்லைன்னா பேப்பர் காசு வாங்கிப் போடுற ஜர்னல் பக்கம் போயிடும். அந்த ஜர்னல் அடுத்த வருஷம் ஸ்கோபஸ் ஜர்னல் பட்டியல்ல இருந்து தூக்கப்படும், உங்க ஆறு பேப்பர் கணக்குல ஓட்டை விழும். யுஜிசி அங்கீகரிச்ச ஜர்னல்களோட கேர் லிஸ்ட்ட நம்பி இருந்தவங்க நிறைய பேரு, அதையே 2025 பிப்ரவரியில யுஜிசி நிறுத்திருச்சு. இனிமே எந்த லிஸ்ட்டும் காப்பாத்தாது, வேலை நல்லா இருந்தாத்தான் நிக்கும்.

இன்னொரு விஷயமும் மனசுல வச்சுக்கங்க. 2018-ல ஏஐசிடிஇ மாணவர் ஆசிரியர் விகிதத்த 15-க்கு ஒண்ணுங்கிறதுல இருந்து 20-க்கு ஒண்ணுன்னு மாத்திருச்சு, அதுலயே இடம் குறைஞ்சது. 2024-ல நல்ல காலேஜ்களுக்கு இருந்த சீட் உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க, கூடுன சீட்டு பெரும்பாலும் கம்ப்யூட்டர் பக்கம்தான் போச்சு. சின்ன காலேஜ்ல ட்ரிபிள் ஈ சீட்டு நிரம்பலைன்னா முதல்ல குறையுறது யாரு? கடைசியா சேர்ந்த, பிஎச்டி முடிக்காத ஆளு. இத பயமுறுத்துறதுக்கு எழுதல, பார்ட் டைம்ல ஆறு ஏழு வருஷம் இழுத்துக்கிட்டே இருக்குறது பாதுகாப்பான வழின்னு வீட்டுல நினைக்கிறாங்களே, அது அப்படி இல்லைன்னு சொல்றதுக்காகத்தான் எழுதுறேன்.

இந்த வழியே கூடாதுன்னும் சொல்ல முடியாது. அரசு உதவி பெறுற எய்டட் காலேஜ்ல, எய்டட் போஸ்ட்ல கிடைச்சா அது அரசு சம்பளம், அத விடக் கூடாது. மதுரையில கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1957-ல ஆரம்பிச்ச தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் மாதிரி பேரும் ஆராய்ச்சியும் உள்ள இடம் நம்ம பக்கத்துல இருக்கு. ஆனா எய்டட் காலேஜ்ங்கிறது வேற, எய்டட் போஸ்ட்ங்கிறது வேற, ஒரே காலேஜ்குள்ளயே செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவும் இருக்கும், சேர்றதுக்கு முன்னாடி எந்தப் போஸ்ட்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. எங்க சேர்ந்தாலும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டக் குடுத்துட்டு வராதீங்க, சரிபார்த்துட்டுத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. குடுத்துட்டீங்கன்னா, அப்புறம் பிஎச்டிக்கு போகணும்னு நிக்கிறப்ப அந்த சர்டிஃபிகேட் கட்டுக்காக ஒரு வருஷம் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து ஃபுல் டைம். கேட்ல மார்க் இருந்தா (அந்த ஸ்கோர் மூணு வருஷம் செல்லும்) ஐஐடி, என்ஐடியில பிஎச்டி சேர்றவங்களுக்கு 2023 ஜனவரியில இருந்து முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அதுக்கப்புறம் 42,000. பிரைம் மினிஸ்டர் ஃபெலோஷிப் கிடைச்சா ஆரம்பமே 70,000, போகப் போக 80,000 வரைக்கும். இப்ப அந்த 37,000-ஐ பக்கத்துத் தனியார் காலேஜ்ல உங்க கைக்கு வர்ற சம்பளத்தோட வச்சுப் பாருங்க. படிக்கிறதுக்குக் குடுக்குற காசு, பாடம் எடுக்குறதுக்குக் குடுக்குற காச விடக் கூட இருக்கு, இது பல வீட்டுல தெரியவே தெரியாது. "இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்ப"ன்னு அப்பத்தா கேட்டா ஸ்டைபண்ட் கிரெடிட் ஆன மெசேஜைக் காட்டுங்க, அது படிப்பு மட்டும் இல்ல, வேலையும்தான்னு புரிஞ்சிரும்.

ஆனா பணத்துக்காக மட்டும் இந்த வழியச் சொல்லல. அங்க போனா உங்க நேரம் உங்க கையில இருக்கும், ஹார்டுவேர் இருக்கும். ஒரு கிலோவாட் கன்வர்ட்டரை நீங்களே டிசைன் பண்ணி, போர்டு போட்டு, சிலிக்கான் கார்பைட் மாஸ்ஃபெட் ரெண்டு மூணு கருகி, கேட் டிரைவர் லேஅவுட்ட மாத்தி, டெட் டைம் சரி பண்ணி, கடைசியில ஆஸிலோஸ்கோப்புல வேவ்ஃபார்ம் நிக்கிறப்ப வர்ற அறிவு இருக்கே, அது சிமுலிங்க்ல வராது. ஓபல் ஆர்டி, டைஃபூன் மாதிரி ரியல் டைம் சிமுலேட்டர் எல்லாம் சின்ன காலேஜ் பட்ஜெட்ல வாங்க முடியாது, பெரிய இடத்துல ஸ்லாட் போட்டு உக்காந்துரலாம். நாளைக்கு நீங்க வாத்தியாரா மெஷின்ஸ் லேப்ல நின்னு ஸ்வின்பர்ன் டெஸ்ட் எடுக்குறப்ப கூட அந்த வித்தியாசம் தெரியும், ரீடிங் ஏன் மாறுதுன்னு பையன் கேட்டா மேனுவல பாக்காம பதில் சொல்வீங்க.

குறை இல்லாமலா இருக்கு. நாலு வருஷம்னு போனது அஞ்சு, அஞ்சரைன்னு இழுக்கும். கைட் சரியில்லைன்னா தனிமை, மனசு ஒடிஞ்சு போற அளவுக்குத் தனிமை. கூடப் படிச்சவன் கார் வாங்கிருப்பான், நீங்க ஹாஸ்டல் மெஸ்ல நிப்பீங்க. காம்பொனெண்ட் ஒண்ணு வாங்கணும்னா அரசு கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டல், கொட்டேஷன், பர்ச்சேஸ் கமிட்டின்னு மாசக்கணக்குல நிக்கும். பிஎச்டி முடிச்ச உடனே என்ஐடி கூப்பிட்டுக் குடுக்கும்னும் நினைக்காதீங்க, பிஎச்டிக்கு அப்புறம் தற்காலிக ஆராய்ச்சி வேலையா போஸ்ட் டாக் ஒண்ணோ ரெண்டோ பண்ண வேண்டி வரும். ஐஐடியில கிரேடு ஒண்ணு உதவிப் பேராசிரியர் அடிப்படைச் சம்பளமே 1,01,500, அந்த இடத்துக்கு பிஎச்டிக்கு மேல மூணு வருஷ அனுபவமும் எதிர்பாக்குறாங்க, போட்டியும் அப்படி. ஆனா அந்தப் போட்டிக்குள்ள நுழையுறதுக்கான சீட்டே இந்த வழியிலதான் சுலபமா கிடைக்குது.

தூரத்தப் பத்தி ஒரு வார்த்தை. என்ஐடி திருச்சி துவாக்குடியில இருக்கு, புதுக்கோட்டை வழியா திருச்சி பஸ் ஏறுனா காலையில கிளம்பி மதியத்துக்குள்ள போயிரலாம், சென்னைக்கு விடிகாலையில பல்லவன் ரயில் இருக்கு. வட்டிக்கடையில மூணு வருஷக் கணக்குக்குன்னு பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏத்தி ஆள் அனுப்பின ஊரு நம்ம ஊரு, அந்தக் கணக்குல பாத்தா சென்னை ஒரு தூரமே இல்லைங்கிறத வீட்டுப் பெரியவங்ககிட்ட தைரியமா சொல்லலாம்.

மூணாவது வழிய நம்ம புள்ளைங்க யாருமே எண்ணுறது இல்ல, அதுதான் எனக்கு ஆதங்கம். வள்ளல் அழகப்ப செட்டியார் முன்னூறு ஏக்கர் நிலமும் பதினஞ்சு லட்சம் ரூபாயும் குடுத்ததாலதான் சிக்ரி காரைக்குடிக்கு வந்துச்சு, 1948 ஜூலை 25-ல நேரு அடிக்கல் நாட்டுனாரு, 1953 ஜனவரி 14-ல ராதாகிருஷ்ணன் திறந்து வச்சாரு. அதே அழகப்பர் காலத்துல 1952-ல ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு அழகப்ப செட்டியார் அரசு இன்ஜினியரிங் காலேஜ். ரெண்டும் ஒரே ஊர்ல. ஆனா இன்ஜினியரிங் காலேஜ்ல ட்ரிபிள் ஈ படிக்கிற பையன்கிட்ட சிக்ரின்னா "அது கெமிஸ்ட்ரி சார்"ங்கிறான்.

கெமிஸ்ட்ரிதான், ஆனா மின்வேதியியல். லித்தியம் அயான் பேட்டரி, சோடியம் அயான், ஃபியூயல் செல், சூப்பர் கெப்பாசிட்டர் எல்லாம் அங்கதான். இன்னைக்கு எலக்ட்ரிக் வண்டி ஓடுற ஒவ்வொரு ரோட்டுலயும் கேக்குற கேள்வி பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும், எவ்வளவு வேகமா சார்ஜ் பண்ணலாம், மிச்சம் எவ்வளவு இருக்கு. கன்வர்ட்டர் தெரிஞ்ச ட்ரிபிள் ஈ ஆளுக்கு செல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது, அவருக்கு அது ஒரு வோல்டேஜ் சோர்ஸும் ஒரு ரெசிஸ்டரும் ரெண்டு ஆர்சியும்தான். செல் தெரிஞ்ச கெமிஸ்ட்ரி ஆளுக்கு கன்வர்ட்டர் ரிப்பிள் செல்லை என்ன பண்ணும்னு பாக்குற பழக்கம் இல்ல. ரெண்டும் தெரிஞ்ச ஆளு நாட்டுலயே கொஞ்சம்தான் இருப்பாங்க. இம்பீடன்ஸ் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி எடுக்கத் தெரிஞ்ச, பேட்டரிய நிர்வகிக்கிற பிஎம்எஸ் கோடு எழுதத் தெரிஞ்ச ஒரு ட்ரிபிள் ஈ பிஎச்டியை எந்த டிபார்ட்மெண்டும் வேண்டாம்னு சொல்லாது.

சிக்ரி மாதிரி சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்குன்னே தனிச் சட்டத்துல வந்த ஏசிஎஸ்ஐஆர்ங்கிற கல்வி நிறுவனம் மூலமா இன்ஜினியரிங்ல பிஎச்டி பண்ணலாம், இல்ல புராஜெக்ட் ஆளா சேர்ந்து ஒரு வருஷம் சூழ்நிலையப் பாத்துட்டு முடிவு பண்ணலாம். வீட்டுச் சாப்பாடு, ஃபுல் டைம் ஆராய்ச்சி, ரெண்டும் ஒண்ணா கிடைக்கிற இடம் இந்த ஊர்க்காரங்களுக்கு இது ஒண்ணுதான். ஒரு எச்சரிக்கை மட்டும். அப்புறம் ட்ரிபிள் ஈ டிபார்ட்மெண்ட்ல வாத்தியாரா போறப்ப உங்க பிஎச்டி எந்தப் பிரிவுன்னு கேப்பாங்க. எலக்ட்ரோடு மெட்டீரியல் சிந்தசிஸ்ல மூழ்கிட்டீங்கன்னா கெமிஸ்ட்ரி ஆளாத்தான் பாப்பாங்க. தலைப்புலயே பேட்டரி மேனேஜ்மெண்ட், சார்ஜிங், பவர் கண்டிஷனிங்னு மின்பொறியியல் தெரியணும், முடிஞ்சா ட்ரிபிள் ஈ பக்கத்துல இருந்து ஒரு கோ கைட் வச்சுக்கங்க, பேப்பர்ல பாதியாவது ஐஇஇஇ ஜர்னல்ல வரணும்.

டிஆர்பி வழிக்கு நீளமா எழுதத் தேவை இல்ல. கிடைச்சா நல்ல வேலை, பாலிடெக்னிக் விரிவுரையாளருக்கே அடிப்படை 56,100, வேலை நிரந்தரம், பிஇ முதல் வகுப்பு போதும். சிக்கல் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாதுங்கிறதுதான். 2017-ல 1,058 பாலிடெக்னிக் இடத்துக்கு நடந்த எழுத்துத் தேர்வு முறைகேட்டால 2018 பிப்ரவரியில ரத்தாச்சு, மறுதேர்வு நடந்தது 2021 டிசம்பர்ல. நடுவுல நாலு வருஷம். அந்த நாலு வருஷத்த வேற எதுவும் பண்ணாம கோச்சிங் சென்டர்லயே கழிச்சவங்க எவ்வளவு பேரு, அதே நாலு வருஷத்துல பிஎச்டி முடிச்சிட்டு வந்து அதே தேர்வ எழுதுனவங்களும் இருக்காங்க. அதனால டிஆர்பிய ஒரு தனி வழியா வைக்காதீங்க, எந்த வழியில போனாலும் கூடவே எழுதுற தேர்வா வைங்க. கேட்டுக்குப் படிச்ச மெஷின்ஸ், நெட்வொர்க்ஸ், கண்ட்ரோல் சிஸ்டம் இதுக்கும் உதவும்.

பொண்ணுங்களுக்கு இந்த ஒப்பீடு கொஞ்சம் மாறும், அதை மறைக்காம பேசிரணும். எம்இ முடிச்ச உடனே மாப்பிள்ளை பாக்க ஆரம்பிக்கிறாங்க, "பக்கத்துக் காலேஜ்ல வேலை பாக்கட்டும், பிஎச்டி கல்யாணத்துக்கு அப்புறம் அவுக பாத்துக்குவாக"ன்னு ஆச்சிமாருங்க சொல்றாங்க. அவுக பாத்துக்குறது அரிதுதான், நிறைய நல்ல புள்ளைங்க படிப்பு அங்கயே நின்னுருச்சு. யுஜிசி 2022 விதியில பிஎச்டிக்குக் குறைஞ்சது மூணு வருஷம், சேர்ந்ததுல இருந்து ஆறு வருஷம், அதுக்கு மேல ரெண்டு வருஷம் மறுபதிவு, பொண்ணுங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கூடுதல், ஆக பத்து வருஷம் வரைக்கும் போகலாம், மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பா 240 நாள் வரைக்கும் எடுக்கலாம்னு இருக்கு. இத வீட்டுல காட்டுங்க, மாப்பிள்ளை வீட்டுலயும் பேச்சு வாக்குலயே காட்டுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஃபுல் டைம்ல சேர்ந்து கோர்ஸ் ஒர்க்கையும் காம்ப்ரிஹென்சிவ் பரீட்சையையும் முடிச்சிட்டா அப்புறம் யாரும் சுலபமா நிறுத்த முடியாது, சேராமலே கல்யாணம் ஆயிட்டா சேர்றதே பெரிய போராட்டமாயிரும். வெளியூர் அனுப்பவே மாட்டேங்கிற வீடுன்னா சிக்ரிய எடுத்துப் பேசுங்க, அதுக்கு மறுப்புச் சொல்ல காரணம் கிடைக்காது.

ஆக என் முடிவு. வீடு அடுத்த அஞ்சு வருஷம் உங்க சம்பளத்த நம்பி இல்லைன்னா யோசிக்காம ஃபுல் டைம். பேட்டரி, எலக்ட்ரிக் வண்டி பக்கம் ஆர்வம் இருந்தாலோ, அப்பா அம்மாவ விட்டுட்டுப் போக முடியாத நிலைமை இருந்தாலோ சிக்ரி. வீட்டுக்கு உடனே பணம் வேணும், தங்கச்சி படிப்பு இருக்கு, கடன் இருக்குன்னா முதல்ல ஸ்டைபண்ட்ல எவ்வளவு வீட்டுக்கு அனுப்ப முடியும்னு தாள்ல எழுதிப் பாருங்க, பல பேருக்கு அதுலயே விடை கிடைச்சிரும். அப்பவும் முடியலைன்னாதான் தனியார் காலேஜ், அதுவும் ரெண்டு நிபந்தனையோட: வாரத்துல ஒரு முழு நாள் ஆராய்ச்சிக்கு விடணும், நீங்க ரிஜிஸ்டர் பண்ற ரிசர்ச் சென்டர்ல நிஜமான ஹார்டுவேர் டெஸ்ட் பெஞ்ச் இருக்கணும். ரெண்டுக்கும் தலையாட்டாத காலேஜ்ல இருந்துகிட்டே கேட் எழுதுங்க, சீட் கிடைச்ச அன்னைக்கு வெளிய வந்துருங்க.

எந்த வழியா இருந்தாலும் கைட்டத் தேர்ந்தெடுக்குறதுல அவசரப்படாதீங்க, இன்ஸ்டிடியூட் பேர விட அதுதான் முக்கியம். அவரோட கடைசி அஞ்சு வருஷப் பேப்பர எடுத்து ரிசல்ட்ஸ் பகுதிய மட்டும் பாருங்க, ப்ரோட்டோடைப் போட்டோ இருக்கா, ஆஸிலோஸ்கோப் ஸ்க்ரீன் இருக்கா, இல்ல வெறும் சிமுலிங்க் கிராஃபா. அவர்கிட்ட முடிச்சவங்க எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு பாருங்க. அவரு லேப்ல இப்ப இருக்குற ஒரு ஸ்காலர்கிட்ட போன்ல பேசுங்க, சார் வாரத்துக்கு எத்தனை தடவ பாப்பாரு, பேப்பர் டிராஃப்ட் குடுத்தா எத்தனை நாள்ல திரும்பி வரும், புராஜெக்ட்ல காசு இருக்கான்னு கேளுங்க. ஐஐடிகள்ல ஜூலை அட்மிஷனுக்கு மார்ச் ஏப்ரல்லயும், ஜனவரி அட்மிஷனுக்கு அக்டோபர் நவம்பர்லயும் விண்ணப்பம் வரும், அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மெயில் போடுங்க, "ரெஸ்பெக்டட் சார்"னு ஆரம்பிச்சு எல்லாருக்கும் ஒரே மெயில அனுப்பாம, அவரோட ஒரு பேப்பரப் படிச்சிட்டு அதுல உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தக் கேட்டு எழுதுங்க, எம்இ-யில நீங்க கட்டுன சர்க்யூட் போட்டோ ஒண்ணையும் கூட வைங்க, பெர்ஃபெக்டா இல்லைன்னாலும் பரவாயில்ல.